பாறை மறைவில் நின்ற அமைச்சர்

மார்ச் 6

அக்காவுக்கு,

இந்த வாரம் நீ எத்தனையோ தடவை கூப்பிட்டாய். போன் பட்டறை மேசைமேல் அதிர்ந்துகொண்டே இருந்தது, நான் எடுக்கவில்லை. எடுத்தால் நீ பேசுவாய். நீ பேச ஆரம்பித்தால் எதற்காகக் கோபப்பட்டேன் என்பதே எனக்கு மறந்துவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். உன் குறுஞ்செய்தி எதையும் நான் திறக்கப்போவதில்லை. இனி ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுது. தாளில் நீ என்னை மடக்க முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று முடிவெட்டப் போன இடத்தில் பத்திரிகை கிடந்தது. முதல் பக்கத்தில் உங்கள் அமைச்சர். கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுக் கடலில் நின்று, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளிக் காட்டுகிறார். ‘எண்ணெய் எங்கே?’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு நான் ஆடிய ஆட்டத்தில் முடிவெட்டுபவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டார்.

படத்தில் தெரிகிற அந்தப் பாறை எனக்குத் தெரியாதா அக்கா? கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் இருக்கிற மறைவு அது. அப்பா நமக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்த இடம். துறைமுகத்துக் குப்பை கரை முழுக்க ஒதுங்கினாலும் அங்கே மட்டும் ஒரு துரும்பு வராது. அந்த முனையில் நீரோட்டம் வெட்டித் திரும்பிவிடும். ஜனவரியில் கப்பலிலிருந்து எண்ணெய் இறக்குகிற கம்பெனிக் குழாய் வெடித்துக் கரையெல்லாம் தாராகக் கிடந்தபோதும் அந்த மறைவு பளிங்கு மாதிரி இருந்தது. அமைச்சர் பத்தடி இந்தப் பக்கம் நின்றிருந்தால் செருப்பைக்கூடக் கழற்ற முடியாமல் திரும்பியிருப்பார்.

படகுக்காரர்களுக்கு அந்த இடம் தெரியும்தான். ஆனால் வந்தவர்கள் யாரிடமும் வாய் திறக்கவில்லையாம். நேராகக் காரில் வந்து, அப்பா பாறையில் வெட்டி வைத்த படியில் இறங்கி, படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்தப் படி இருப்பது வெளியாளுக்குத் தெரியாது. கட்சித் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து அமைச்சர்களின் பயணத்துக்கு ஏற்பாடு செய்கிறவர்களில் நம் வீட்டில் வளர்ந்தவள் ஒருத்திதான் இருக்கிறாள்.

நீயா? ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு வரி எழுது.

சின்னவன்


மார்ச் 14

தம்பிக்கு,

ஆமாம். நான்தான்.

ஒரு வரி கேட்டாய், கொடுத்துவிட்டேன். மிச்சத்தையும் பொறுமையாகப் படி. கடிதத்தைக் கசக்கி எண்ணெய்க் கையைத் துடைத்துவிடாதே.

அமைச்சர் அந்தப் பக்கம் போக வேண்டும் என்று முடிவானதும் அலுவலகச் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். அமைச்சருக்குக் காலில் புண் வந்தால் ஆறாத உடம்பு, எதுவும் பட்டுவிடக் கூடாது, ஆனால் தண்ணீரில் இறங்கியே தீருவேன் என்கிறார் என்றார். “நீ அந்த ஊர்ப் பொண்ணுதானே, நல்ல இடமா ஒண்ணு சொல்லேன்” என்றார். எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. படி இருக்கிறது, வழுக்காது, தண்ணீர் சுத்தம் என்று சொன்னேன். நம் இடம் தலைநகரத்து வாயில் அடிபடுகிறதே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு மனிதர் காலில் அழுக்குப் படாமல் இறங்கி ஏற வேண்டும், அவ்வளவுதான் அப்போது என் மண்டையில் ஓடியது. படத்தை இப்படிப் பயன்படுத்துவார்கள் என்று நான் நினைக்கவில்லை.

நினைத்திருக்க வேண்டும் என்று நீ சொல்வாய். இத்தனை வருடம் அங்கே வேலை பார்ப்பவள் நினைத்திருக்கத்தான் வேண்டும்.

இப்போது அக்காவாக ஒன்று சொல்கிறேன். பணம் வாங்கிக்கொண்டு புகாரை விட்டுவிடச் சொல்லிக் கம்பெனி ஒரு சமரசப் பத்திரத்தை நீட்டுகிறது என்று கேள்விப்பட்டேன். கையெழுத்துப் போட்டுவிடு. எதிர்க்கட்சி கூட வருகிறதே என்று நம்பிக்கொண்டிருக்காதே. எங்கள் பொருளாளர் அந்தக் கம்பெனியின் பழைய மேலாளர். அவர்களுடைய துணைத்தலைவர் அதே கம்பெனிக்கு இன்றைக்கும் ஆலோசகர். தேர்தல் வண்டிகளுக்கு இரண்டு கட்சிக்கும் எங்கிருந்து எண்ணெய் வருகிறது என்று நினைக்கிறாய்? தேர்தல் முடிந்ததும் அவர்களுக்கும் தொண்டை கட்டிவிடும், பார்.

நீ தனியாக இருக்கிறாய். பட்டறைக்குப் பின்னால் ஓர் அறை, ஓர் அடுப்பு, அவ்வளவுதான் உன் உலகம். உன்னை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அக்கா


மார்ச் 25

அக்காவுக்கு,

உனக்குச் சோறு இறங்கவில்லை. இங்கே இன்ஜினுக்குத் தண்ணீர் இறங்கவில்லை.

கிண்டல் இல்லை. படகு இன்ஜின் கடல்தண்ணீரை உறிஞ்சித்தான் தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. உனக்கும் தெரியும், அப்பாவுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தே வளர்ந்தவள் நீ. கம்பெனி கரையிலிருந்த தாரை வாரிவிட்டுக் கடலில் மருந்து தெளித்ததா? எண்ணெய் பொடிப்பொடியாக உடைந்து அடியில் போய்விட்டது. மேலே பார்த்தால் நீலம். இன்ஜினைக் கழற்றினால் தண்ணீர் ஓடுகிற பாதையெல்லாம் கறுப்புக் களிம்பு. இன்ஜின் சூடேறி வெந்துபோகிறது. பட்டறை வாசலில் வரிசையாக நிற்கின்றன. ஒன்றைச் சுத்தம் பண்ணிக் கொடுத்தால் நாலு தடவை கடலுக்குப் போய்விட்டு மறுபடி இங்கேயே வருகிறது.

போன வாரம் விசாரணைக் கமிஷன் இங்கே உட்கார்ந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி, நல்ல மனிதர் மாதிரிதான் தெரிகிறார். கம்பெனிதான் பொறுப்பு என்று அவர் எழுதிவிட்டால், கடலடியைக் கம்பெனியே வாரிச் சுத்தம் செய்தாக வேண்டும். இல்லையென்றால் அது கிடக்கிறபடி கிடக்கும். படகுக்காரர்கள் சார்பில் ‘நங்கூரம்’ போய்ச் சாட்சி சொன்னார். உனக்கு அவரை மறந்திருக்காது. ஓர் இடத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டார் என்று அப்பாதான் அந்தப் பேரை வைத்தார். பாவம், இருக்கிற சட்டையில் நல்லதாக ஒன்றைப் போட்டுக்கொண்டு போனார். கம்பெனி வக்கீல் உங்கள் அமைச்சர் படத்தைச் சுவர் அகலத்துக்குக் காட்டினார். “இது உங்க கடல்தானே பெரியவரே? இதுல எண்ணெய் எங்க இருக்குன்னு தொட்டுக் காட்டுங்க” என்றார். நங்கூரம் எழுந்துபோய் அந்தச் சுவரைத் தடவிப் பார்த்தார் அக்கா. நிஜமாகவே தேடினார். கூட்டத்தில் சிரித்துவிட்டார்கள்.

அது நீரோட்டம் வராத மூலை என்று அவர் சொன்னார். அமைச்சர் எங்கே நின்றார் என்பது அமைச்சர் விருப்பம், யாரும் திட்டம் போட்டு நிற்க வைக்கவில்லை என்று வக்கீல் அடித்துச் சொல்லிவிட்டார். இன்ஜின் கெட்டதெல்லாம் பராமரிப்பு இல்லாததால் என்றார்.

மே ஒன்பதாம் தேதி கடைசி அமர்வு. நீ வா. ‘அந்த இடத்தைத் தேடிப்பிடித்துக் கொடுத்தது நான், அங்கே எண்ணெய் வராது என்று தெரிந்துதான் கொடுத்தேன்’ என்று மட்டும் சொல். நீ கட்சிக்கு வாக்கியம் எழுதிப் பிழைக்கிறவள். எனக்காக ஒரு வாக்கியம் பேசக் கூடாதா?

சின்னவன்


ஏப்ரல் 6

தம்பிக்கு,

என்னால் முடியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரைக்கும் நீ நம்பிக்கையோடு படித்துக்கொண்டு வருவது எனக்குப் பிடிக்கவில்லை.

உன் அத்தான் வேலை பார்ப்பது கட்சிப் பத்திரிகையில். நாங்கள் இருக்கிற வீடு கட்சிக் குடியிருப்பில். உன் மருமகள் படிப்பது, அறக்கட்டளை என்ற பேரில் அந்தக் கம்பெனியே நடத்துகிற கல்லூரியில். நான் எழுந்து நின்று ஒரு வாக்கியம் பேசினால் மூன்று பேர் தெருவுக்கு வர வேண்டும்.

இங்கே எப்படி வேலை நடக்கிறது என்று உனக்குச் சொன்னதே இல்லை. எண்ணெய் கசிந்த மறுநாள் அரசு விட்ட அறிக்கை ஞாபகம் இருக்கிறதா? அது என் மேசைக்கு வந்தபோதே முழுதாக எழுதப்பட்டிருந்தது, கம்பெனியிலிருந்து. ‘எங்கள் குழாய்’ என்று இருந்த இடத்திலெல்லாம் ‘அந்தக் குழாய்’ என்று நான் மாற்றினேன். ‘எங்கள் பணியாளர்கள் விரைந்து செயல்பட்டனர்’ என்பதை ‘அரசு விரைந்து செயல்பட்டது’ என்று ஆக்கினேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிட்டது. நன்றாக வந்திருக்கிறது என்று செயலாளர் பாராட்டினார். நானும் சிரித்தேன்.

நங்கூரம் சுவரைத் தடவினார் என்று எழுதியிருந்தாயே, அதை நீ எழுதாமல் இருந்திருக்கலாம். எனக்குச் சைக்கிள் விடக் கற்றுத்தந்தவர். பின்னால் பிடித்துக்கொண்டே ஓடிவருவார், நான் விழுந்தால் என்னைவிட அதிகமாக அவர்தான் அலறுவார்.

திரும்பவும் சொல்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள். உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 22

தம்பிக்கு,

பதில் இல்லை. நான் எழுதிய லட்சணத்துக்குப் பதிலை எதிர்பார்ப்பதே தப்புதான். சண்டை போடவாவது எழுது.

தேர்தல் முடிந்துவிட்டது. எதிர்க்கட்சியிலிருந்து உங்கள் பக்கம் யாராவது வருகிறார்களா? வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நான் சொன்னது பலித்ததில் ஒரு சந்தோஷமும் இல்லை.

அக்கா


மே 2

தம்பிக்கு,

ஒன்பதாம் தேதி வருகிறேன். வந்து சொல்லிவிடுகிறேன்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டு அலுவலக வரவேற்பறையில் மாட்டிவிட்டார்கள். அதற்கு நேர் எதிரே என் மேசை. படத்தின் ஓரத்தில் அப்பா வெட்டிய படி தெரிகிறது. மூன்றாவது படியில் உளி நழுவி ஒரு மூலை உடைந்துபோயிருக்குமே, அதுகூடத் தெரிகிறது. வருகிறவர்கள் எல்லோரும் அமைச்சரைப் பார்க்கிறார்கள், நான் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேற்றுச் செயலாளர் வந்து படத்துக்குக் கீழே பொறிக்க நல்லதாக ஒரு வரி எழுதச் சொன்னார். பேனாவை எடுத்தேன். ஒன்றும் வரவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உன் அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சத்தம் போடுவார் என்று பயந்தேன். “போயிட்டு வா. வாடகைக்கு வேற வீடு கிடைக்காமலா போயிடும்” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

யாரிடமும் சொல்லாதே. போனில் நான் எதுவும் பேசப்போவதில்லை. இந்தப் போனே கம்பெனி எங்கள் அலுவலகத்துக்கு வாங்கிக் கொடுத்தது. ஏழாம் தேதி கிளம்புகிறேன். வழியில் ஒரு தோழி வீட்டில் தங்கிவிட்டு நேராகக் கமிஷனுக்கு வந்துவிடுவேன். அது முடிந்ததும் உன் அறைக்கு வருகிறேன். ஏதாவது பொங்கி வை. கரிய விடாதே.

அக்கா


மே 3

அக்காவுக்கு,

உன் ஏப்ரல் கடிதங்களுக்குப் பதில் போடாமல் இருந்தேன். கோபம்தான். இப்போது அது இல்லை. நீ சொன்னபடியே செய்துவிட்டேன்.

கம்பெனியிலிருந்து ஓர் ஆள் வந்தார். தங்க விளிம்பு போட்ட கண்ணாடி, மெதுவான பேச்சு. பட்டறையில் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து என் சாமான்களையெல்லாம் பாராட்டினார். பிறகு, படகுக்காரர்களின் வக்கீல் அந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தது யார் என்று தோண்டிக்கொண்டிருக்கிறார், கட்சி அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்மேல் போய் முடியும், மேலே இருப்பவர்கள் அந்தப் பெண்ணின் தலையில் கட்டிவிட்டுக் கையைக் கழுவிவிடுவார்கள் என்றார். “உங்க அக்காவுக்கு அப்படி ஒரு நிலைமை வரணுமா? இன்ஜின் விஷயத்துல நீங்க ஒரு வார்த்தை சொன்னா, அதுக்குமேல யாரும் எதையும் தோண்ட வேண்டியதில்ல” என்றார்.

உன்னை அங்கே இழுத்து நிறுத்த வேண்டும் என்று ஆசைப்பட்டவன் நான்தான். ஆனால் நீயாக வந்து சொல்வது வேறு, உன்னைப் பிடித்துத் தள்ளுவது வேறு. மருமகள் படிப்பைப் பற்றி எழுதியிருந்தாய். அது மூன்று வாரமாக நெஞ்சில் கிடந்தது.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். இன்ஜின்கள் பழுதானது பராமரிப்பு இல்லாததால்தான், உள்ளே எண்ணெய் எதையும் நான் பார்க்கவில்லை என்று. ஒன்பதாம் தேதி அதையே வாயாலும் சொல்ல வேண்டுமாம். அதுவரைக்கும் கம்பெனியின் ரோந்துப் படகுகளைப் பார்த்துக் கொடுக்கச் சொல்லி அவர்கள் விடுதியிலேயே தங்க வைக்கிறார்கள். நாளைக்குப் பட்டறையைப் பூட்டிவிட்டுப் போகிறேன்.

அந்தத் தாளை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது வாசலில் நங்கூரம் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு கேட்டாரோ தெரியாது. தன் இன்ஜினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

உன் பேர் வெளியே வராது. நிம்மதியாக இரு.

சின்னவன்


மே 12

தம்பிக்கு,

உன் மூன்றாம் தேதிக் கடிதம் நேற்று வீடு திரும்பியபோது கதவிடுக்கில் கிடந்தது. நின்றபடியே படித்தேன். நான் இரண்டாம் தேதி எழுதியது உன் பட்டறைக் கதவுக்கு உள்ளே கிடந்திருக்கும். இப்போது நீயும் படித்திருப்பாய்.

எட்டாம் தேதி எனக்கு மனசு கேட்கவில்லை. கம்பெனிப் போனாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று உன்னைக் கூப்பிட்டேன். சாயங்காலம் முழுக்கக் கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை.

அங்கே நடந்தது உனக்குத் தெரியும், கடைசி வரிசையில் உட்கார்ந்துதானே இருந்தாய். ஆனாலும் என் பக்கத்திலிருந்து நான் எழுதியாக வேண்டும். உள்ளே வந்ததும் உன்னைப் பார்த்தேன். புதுச்சட்டை போட்டிருந்தாய். எனக்காகத்தான் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன், முட்டாள் மாதிரி. அந்தத் தைரியத்தில்தான் பேசினேன். இடத்தைச் சொன்னது நான், எண்ணெய் வராத இடம் என்று தெரிந்தே சொன்னேன், மற்ற இடமெல்லாம் கடலுக்கடியில் எண்ணெய் இருக்கிறது, அதை இன்ஜின்களில் என் தம்பியே கண்ணால் பார்த்திருக்கிறான் என்றேன். நீதிபதி பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

அப்போதுதான் கம்பெனி வக்கீல் எழுந்து உன் தாளைப் படித்தார். உன் கையெழுத்தைத் திருப்பிக் காட்டினார். நம் அப்பா மாதிரியே கடைசி எழுத்தைச் சுழித்துப் போடுகிறாய். “அம்மா, இவர் உங்க கூடப் பிறந்த தம்பிதானே? ரெண்டுல ஒருத்தர்தான் உண்மை சொல்றீங்க. யாருன்னு நீங்களே சொல்லிடுங்க” என்றார்.

நான் என்ன செய்யட்டும் தம்பி? உன்னைப் பார்த்தேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். சத்தியம் பண்ணிவிட்டு நின்றுகொண்டிருந்தேன். “என் தம்பி பொய் சொல்றான்” என்றேன்.

உன்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தையை யாராவது சொன்னால் அடிக்கப் போயிருப்பேன். சின்ன வயதில் போயும் இருக்கிறேன்.

ஒரே குடும்பத்தில் இரண்டு பேர் இப்படி முரணாகச் சொன்னால் இரண்டையுமே எடுத்துக்கொள்ள முடியாது என்று சொல்லி நீதிபதி தான் எழுதியதை அடித்துவிட்டார். அவர்மேலும் தப்பில்லை. வெளியே வந்து உன்னைத் தேடினேன். கம்பெனிக் கார் போய்விட்டிருந்தது. நங்கூரம்தான் பேருந்து வரைக்கும் கூட வந்தார்.

மார்ச்சில் நீ ‘வா’ என்று எழுதியபோதே நான் வருகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். எழுதி எழுதியே நாளைக் கடத்திவிட்டேன்.

அக்கா


ஆகஸ்ட் 19

அக்காவுக்கு,

இத்தனை நாளாக எழுத முயற்சி செய்தேன். நீ எவ்வளவு தாளைக் கசக்குவாயோ தெரியாது, நான் கசக்கியதில் அடுப்பே எரிக்கலாம்.

நீங்கள் வீடு மாறிவிட்டதை அத்தான் எழுதியிருந்தார். மருமகள் வேறு கல்லூரியில் சேர்ந்துவிட்டாள் என்பதும் தெரியும். உனக்கு வேலை போனதை மட்டும் அவர் எழுதவில்லை. அதை நானே புரிந்துகொண்டேன்.

கமிஷன் அறிக்கை வந்துவிட்டது. குழாய் வெடித்தது எதிர்பாராத விபத்து, யார்மீதும் பொறுப்பைச் சுமத்தப் போதிய ஆதாரம் இல்லை. அறிக்கையை வரவேற்று இரண்டு கட்சியும் ஒரே நாளில் அறிக்கை விட்டன. படித்துப் பார்த்தேன். உன் கைபட்டிருந்தால் இதைவிட நன்றாகப் பூசி மெழுகியிருப்பாய்.

கம்பெனிப் படகுகளை நான் இப்போது பார்ப்பதில்லை. முதல் படகைக் கழற்றினேன், உள்ளே அதே கறுப்புக் களிம்பு. கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். சிரித்தார். சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். மே ஒன்பதாம் தேதிக்கு முன்பே கொடுத்திருக்க வேண்டிய சாவி.

மே எட்டாம் தேதி நீ கூப்பிட்டதைப் பார்த்தேன் அக்கா. போன் கையில்தான் இருந்தது, உன் பேர் வந்து வந்து போனது. எழுது என்று சொன்னவனே எடுத்துவிட்டால் நன்றாக இருக்காது என்ற வறட்டு வீம்பு. உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன் என்ற பயம் வேறு. ஒரு ‘ஹலோ’ சொல்லியிருந்தால் போதும், இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்றிருப்போம். நீ என்னைப் பொய் சொல்கிறான் என்றபோது எழுந்து, ஆமாம், அக்கா சொல்வதுதான் சரி என்று கத்தியிருக்கலாம். குனிந்த தலையை நிமிர்த்தாமல் உட்கார்ந்திருந்தேன். அது வாழ்நாளுக்கும் என்னோடு இருக்கும்.

போன வாரம் நங்கூரம் இன்ஜினைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். வாசலிலிருந்து திரும்பிப் போன அன்றைக்குப் பிறகு இப்போதுதான் வருகிறார். நான் கழற்றிச் சுத்தம் பண்ணும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது, “அக்காவுக்கு எழுதினியா?” என்று மட்டும் கேட்டார். அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா படியில் இப்போது கம்பெனி கைப்பிடி வைத்து, அமைச்சர் நின்ற இடம் என்று பலகை நட்டிருக்கிறது. ஜனங்கள் வந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பக்கம் கம்பெனிக்குப் புதிதாக ஒரு கப்பல் துறை கட்ட அனுமதி கிடைத்து, கடலுக்குள் பாறையைக் கொட்டினார்கள், அதில் நீரோட்டம் திசை மாறிவிட்டது. நேற்றுப் போய்ப் பார்த்தேன். மூன்றாவது படிவரைக்கும் தார் ஏறியிருக்கிறது. உடைந்த மூலை தெரியவில்லை.

நீ வந்தால் அங்கே கால் வைக்க முடியாது. வேறு நல்ல இடம் எனக்குத் தெரியவும் தெரியாது. ஆனாலும் வா. கிளம்புகிற அன்றைக்குக் கூப்பிடு, எடுக்கிறேன்.

சின்னவன்